வெண்பாவில் வராத பெயர்

பதினேழு. என் டோக்கன் பதினேழு. பதி, னே, ழு. நிரை, நேர், நேர். புளிமாங்காய். பதிமூன்றிலிருந்து பதினெட்டு வரைக்கும் வரிசையாக எல்லாம் புளிமாங்காய்தான், பத்தொன்பதுக்குப் போனால்தான் கனி. இப்போது உள்ளே இருப்பது பதினைந்து. இன்னும் இரண்டு காய் தாண்டவேண்டும். இப்படி எண்ணைக்கூட அசை பிரித்துப் பார்க்கிறேன் என்று யாருக்காவது தெரிந்தால் இந்தப் பொம்பளைக்கு மூளை இன்னும் சரியாகவில்லை என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும். இந்த வனஜா டீச்சருக்கு மூளை சரியாக இருந்த காலத்திலும் இதே வேலைதான். பஸ் பலகையில் ஊர்ப் பெயர், கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர், மளிகைக் கடைப் பலகை, எதைப் பார்த்தாலும் நாக்கு உள்ளுக்குள் தட்டிப் பார்க்கும். ஒற்றைத் தட்டாக விழுந்தால் நேர், இரண்டு சேர்ந்து ஒரே மூச்சில் விழுந்தால் நிரை. அவ்வளவுதான் யாப்பு, பயப்பட ஒன்றுமில்லை என்று முப்பது வருஷமாகப் பத்தாம் வகுப்புப் பெண்களுக்குச் சொல்லியிருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை. இந்தப் பெஞ்சு ஏன் இவ்வளவு சில்லென்று இருக்கிறது. வலது கை மடியில் கிடக்கிறது, யாரோ கொடுத்துவிட்டுப் போன பொட்டலம் மாதிரி. இன்றைக்கு டாக்டர் மெர்லின் கேட்கிற கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் பணிக்குத் திரும்பலாம் என்று கையெழுத்து. சொல்லாவிட்டால் இன்னும் ஆறு மாதம் வீடு, அதற்குப் பிறகு விருப்ப ஓய்வு என்று மரியாதையாக ஒரு கும்பிடு. நான் ஓய்வு பெறமாட்டேன். எனக்கு இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு ஆ பிரிவில் நாற்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருத்தி பெயரையும் நான் வாய்விட்டுக் கூப்பிடவேண்டும், அவள் எழுந்து "உள்ளேன் அம்மா" என்று சொல்லவேண்டும். என் வகுப்பில் எஸ் மிஸ் கிடையாது. நாற்பத்திரண்டு பெயர். அதற்குத்தான் வந்திருக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ரத்தக்குழாய் அடைத்தது இடது பக்க மூளையில், கெட்டது வலது கையும் வார்த்தையும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். உள்ளே ஒன்றும் கெடவில்லை, உள்ளே இதோ மழைக்காலத்து வாய்க்கால் மாதிரி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, வாசலில்தான் நெரிசல். மூன்றாம் நாள் ஒரு தட்டில் சாமான்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்கள். சீப்பைக் காட்டினார்கள். காப்பு என்றேன். தட்டைக் காட்டினார்கள். கட்டு என்றேன். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, அன்று ராத்திரி முழுக்க அழுதேன், மறுநாள் காலையில் இட்லியை வாயில் வைக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. சீப்பு, காப்பு. தட்டு, கட்டு. அடடா, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்திருக்கிறது. முதல் எழுத்தின் அளவுகூடத் தப்பவில்லை, நெடிலுக்கு நெடில், குறிலுக்குக் குறில். சுத்தமான எதுகை! வார்த்தை போய்விட்டது, எதுகை போகவில்லை. அன்றைக்குச் சிரித்தேன் பாருங்கள், வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டார்கள். முப்பது வருஷமாக எதுகையும் மோனையும் செய்யுளுக்கு அழகு என்று பாடம் நடத்தியிருக்கிறேன், கேள்வித்தாளில் இரண்டு மதிப்பெண். அழகாம். மாடிப்படியில் இருட்டில் ஏறுகிறவனுக்குக் கைப்பிடி அழகா? அன்றிலிருந்து அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறேன். வாளி வேண்டும் என்றால் நாளி, தோளி, தாளி என்று அர்த்தம் இருக்கிறதோ இல்லையோ வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால் வாளி தானாக வந்து நிற்கும். நேரம் பிடிக்கும், வரும். உப்பு வந்தது, கதவு வந்தது, மகள் சிந்து பெயர் வந்தது, பூனாவிலிருந்து போனில் ஓவென்று அழுதாள். நாற்பத்திரண்டு பெயரும் வந்துவிட்டது, தினமும் காலையில் குளியலறையில் வருகைப் பதிவு எடுக்கிறேன், குழாய் மட்டும்தான் பதில் சொல்கிறது. ஒரே ஒரு பெயர் வரவில்லை. போன மாதச் சோதனையில் ஏழாவது கேள்வி. "உங்க ஹஸ்பண்டு பேர் சொல்லுங்கம்மா."

சிந்து அப்பா அதோ ஜன்னல் ஓரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார். ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் இருந்த மனுஷன், எங்கே போனாலும் ஜன்னலைத் தேடி நின்றுகொள்வார். நான் அவர் பெயரை வாயால் சொன்னதில்லை. கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை ஒரு தடவைகூட இல்லை. இலக்கணம் படித்தவள், எம்.ஏ., பி.எட்., புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்பதை எல்லாம் நம்புகிற ஆளா நான், சத்தியமாக நம்பவில்லை. ஆனால் வராது. மாமியார் காலத்து வழக்கம் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. வங்கியில் கேட்டால் அடையாள அட்டையை நீட்டுவேன், ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவேன், பள்ளிக்கூடத்தில் சார், வீட்டில் ஏங்க, தெருவில் சிந்து அப்பா. அவரும் என் பெயரைச் சொன்னதில்லை, அவருக்கு நான் டீச்சர். "என்னா டீச்சர், காபி ஆவுமா?" இப்படியே ஒரு ஆயுள் ஓடிவிட்டது, ஒரு குறையும் தெரியவில்லை. அதனால் போன மாதம் டாக்டர் கேட்டபோது வழக்கம்போல வாயை மூடிக்கொண்டேன். டாக்டர் ஒரு குறுக்குக்கோடு போட்டார். எனக்குக் கோபம்கூட வந்தது, கேரளாப் பக்கத்துப் பெண் போல, நம் வழக்கம் தெரியாமல் மார்க்கைக் குறைக்கிறாளே என்று. வீட்டுக்கு வந்ததும், சரி, ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு வாயைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. வாயில் இல்லை என்பது வேறு, உள்ளேயே இல்லை. கை விட்டுத் துழாவினேன், அந்த இடம் காலி. இவ்வளவு நாள் வழக்கம் என்று நினைத்துப் பூட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்தால் உள்ளே பொருள் இல்லை. எப்போது போயிற்று? மூன்று மாதத்துக்கு முன்பா, அதற்கும் முன்பா? சொல்லாமலே இருந்தால் பெயர் தேய்ந்துவிடுமா? கார்டைப் பார்த்துப் படித்தேன். படிக்கும்போது எழுத்தெழுத்தாகத் தெரிகிறது, கார்டைக் கவிழ்த்தால் போய்விடுகிறது. பத்து நாள் இதே வேலை. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, உங்கள் பெயரைத்தான் தொலைத்துவிட்டேன் என்று.

ஆனால் உருவம் இருக்கிறது. அதுதான் வேடிக்கை. புளிமாங்கனி. நிரை, நேர், நிரை. நூறு பேர் வந்து இல்லை என்று சொன்னாலும் நான் விடமாட்டேன், அவர் பெயர் புளிமாங்கனி. எப்படித் தெரியும் என்றால் ஒரு நாள் வகுப்பில் எல்லாரும் அவரவர் பெயரைப் பலகையில் எழுதி அசை பிரிக்கவேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஒவ்வொருத்தியும் வந்து தேமா, கூவிளம் என்று எழுதிவிட்டுப் போனாள், என் பெயரையும் நானே எழுதிப் புளிமா என்று காட்டினேன். கடைசி பெஞ்சில் இருந்த ரேவதி, சரியான வாலு, எழுந்து நின்று "டீச்சர், சார் பேரு என்னா சீர் டீச்சர்?" என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. நான் வாயைத் திறக்காமல் சாக்பீஸை எடுத்துப் பலகையில் எழுதினேன், கீழே கோடு போட்டு நிரை, நேர், நிரை என்று பிரித்தேன், வாய்பாடு எழுதினேன். நாற்பது பெண்களும் சேர்ந்து சத்தமாக அந்தப் பெயரைப் படித்தார்கள். என் முகம் எப்படிச் சிவந்தது என்று எனக்கே தெரிந்தது. "சொல்லுங்க டீச்சர், நீங்களும் சொல்லுங்க!" என்றாள் அவள். "உக்காருடி" என்றேன். இப்போது கண்ணை மூடினால் அந்தப் பலகை தெரிகிறது. கீழே அசைகள் பளிச்சென்று இருக்கின்றன, மேலே பெயர் இருந்த இடத்தில் ஈரக் கையால் துடைத்த மாதிரி வெறும் கறுப்பு. அந்தப் பெயரை வெண்பாவில் வைக்கவும் முடியாது. கல்யாணமான புதிதில் அவருக்கு ஒரு வெண்பா எழுதிப் பெயரை உள்ளே வைத்துக் கொடுக்கலாம், வாயால் சொல்லாததைக் கையாலாவது சொல்லலாம் என்று ஆசைப்பட்டு உட்கார்ந்தேன். வெண்பாவில் கனிச்சீர் கூடாது. வெண்பா அப்படிப்பட்ட கறார்ப் பேர்வழி, எல்லாரையும் உள்ளே விடாது. பெயரை இரண்டாக உடைத்தால் வைக்கலாம், முன்பாதி ஒரு சீர், பின்பாதி ஒற்றை அசையாகக் கடைசியில் நிற்கும், வெண்பா முடிகிற இடத்தில் ஒற்றை அசைதான் அழகு, மலர் என்று அதற்குப் பெயர். ஆனால் கட்டின புருஷன் பெயரை உடைப்பதாவது, அபசகுனம் மாதிரி என்று காகிதத்தைக் கசக்கிப் போட்டேன். பகுத்தறிவுக்காரி! சகுனத்தை நம்பாதவள்! இன்றுவரை அவருக்கு ஒரு வரி எழுதவில்லை.

பதினாறு உள்ளே போகிறது. ஒரு பெரியவர், சக்கர நாற்காலியில். எனக்கு இன்னும் ஒரு காய்தான். வாடி வனஜா, உட்கார்ந்து புலம்பினால் ஆகாது, தேடு. இடது கை விரலால் தொடையில் தட்டு. தத, தா, ததம். தத, தா, ததம். அருணாசலம். சனியன், வந்துவிட்டது. எதிர் வீட்டு அருணாசலம், பனியனோடு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி வாய் கொப்பளிக்கிற அருணாசலம். உருவத்தைத் தட்டினால் முதலில் அந்த ஆள்தான் வந்து நிற்கிறார், அளவு சரியாக இருக்கிறதே, எப்படி வெளியே போ என்பது. போய்யா. தத, தா, ததம். விருத்தாசலம். அது ஊர், ஒரு தடவை ரயில் மாறியிருக்கிறோம், அங்கே வாங்கின வடையில் கல் கிடந்தது. மறுபடி அருணாசலம். உள்ளே போய் டாக்டர் கேட்டு, நான் வாயைத் திறந்து, இவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எதிர் வீட்டுக்காரன் பெயரைச் சொல்லிவிட்டால்? நினைத்தால் சிரிப்பு வருகிறது, பயமாகவும் இருக்கிறது. கடைசி அசை சலம் என்று வைத்துக்கொள்வோம், அதில் எனக்குச் சந்தேகமில்லை, அது மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் அசை வேண்டும். இரண்டு குறில். கரு, முரு, திரு, குரு. இல்லை. மலை, தலை, கலை. இல்லை. எதுகை போட ஒரு எழுத்தாவது பிடி கிடைக்கவேண்டாமா, கைப்பிடியே இல்லாத படியில் எங்கே ஏறுவது. ஜன்னல் ஓரத்திலிருந்து இவர் திரும்புகிறார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார், எல்லாம் சரியாகிவிடும் என்கிற ஆட்டல். அவர் சட்டை நுனியில் மஞ்சளாக ஒன்று கவ்விக்கொண்டிருக்கிறது. காலையில் வீட்டிலிருந்து கிளம்பினதிலிருந்து பார்க்கிறேன். மொட்டை மாடியில் காயப்போடும்போது இவர் அதைக் கையில் வைத்துக்கொள்ளத் தெரியாமல் சட்டையிலேயே வரிசையாக மாட்டிக்கொள்வார், ஒன்றை எடுக்க மறந்துவிடுவார். எனக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து இதெல்லாம் அவர் வேலை. மூன்று மாதத்துக்கு முன்னால் வாஷிங் மெஷினை எப்படித் திறப்பது என்றே தெரியாது. பஸ்ஸில் சொல்ல வாயெடுத்தேன், அதன் பெயர் வரவில்லை, விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி முழுக்க அதோடு சுற்றுகிறார். பாவம். இந்த மனுஷனுக்கா பெயர் இல்லாமல் போகவேண்டும்.

"பதினேழு!" என்று ஆயா குரல் கொடுக்கிறாள். எழுகிறேன். அவர் வந்து இடது கையைப் பிடிக்கிறார், நான் விடுவித்துக்கொண்டு நானே நடக்கிறேன். உள்ளே டாக்டர் மெர்லின், சின்னப் பெண், கண்ணாடி, காகிதம். "வாங்க வனஜாம்மா, இன்னைக்கு என்ன கிழமை?" வெள்ளி. "எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க?" அரக்கோணம். பேனா, சாவி, சீப்பு. சீப்பு! காப்பு என்று சொல்ல நாக்கு துடித்தது, அடக்கினேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி என்றார், கழித்தேன், கணக்கு டீச்சர் இருந்தால் மெச்சியிருப்பாள். மகள் பெயர், பள்ளிக்கூடத்தின் பெயர். ஏழாவது கேள்விக்குப் பேனா நின்றது. அதற்குள் என் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றிருந்த சிந்து அப்பா ஒரு எட்டு முன்னால் வந்தார். "மேடம், ஒரு நிமிஷம். போன தடவையே சொல்லியிருக்கணும். எங்க பக்கம் பொம்பளைங்க வீட்டுக்காரர் பேர் சொல்லமாட்டாங்க. அவங்க எப்பவுமே சொன்னதில்ல. தெரியாம இல்ல மேடம், வழக்கம்." டாக்டர் என்னைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "அட, அப்படியா? எங்க பாட்டியம்மா காலத்துல எங்க வீட்லயும் அப்படித்தான். அப்ப அதை விட்டுடலாம். சரின்னே போட்டுடறேன்." பேனா காகிதத்தைத் தொடப் போகிறது. அவ்வளவுதான், முடிந்தது, திங்கட்கிழமை பள்ளிக்கூடம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், முப்பது வருஷமாக மூடின வாய்தானே, இன்னும் ஒரு நிமிஷம். எழுதாத விடைக்கு நான் யாருக்காவது மார்க் போட்டிருக்கிறேனா? சுற்றி வளைத்து ஏதோ கிறுக்கிவிட்டு வாய்பாட்டை மட்டும் சரியாக எழுதினவளுக்குப் போட்டிருக்கிறேனா? பூஜ்யம் போட்டுச் சிவப்பில் வட்டம் போட்டவள் நான். அதுவும் இவர், என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, தன் பெயரையே வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கிறார். தெரியாம இல்ல மேடம் என்கிறார். தெரியவில்லையே, நான் என்ன செய்வேன். இடது கையால் காகிதத்தைப் பொத்தினேன்.

"கேளுங்க" என்றேன்.

"வேணாம்மா, பரவால்ல."

"கேளுங்க. எனக்கு... தெரியல. மறந்து... போச்சு. கேளுங்க."

சிந்து அப்பா முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை, அவர் சட்டையைத்தான் பார்க்கிறேன். "உங்க ஹஸ்பண்டு பேர் என்னம்மா?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார். தத, தா, ததம். அருணாசலம் வாசலுக்கு வந்துவிட்டார், பல்லைக் கடித்துக் கதவைச் சாத்தினேன். மஞ்சளாக அது, சட்டை நுனியில், மாடியில், கொடியில், காயப்போடுவது, என்ன அது, எதைக் காயப்போடுவது, ஈரமாக, உதறி, வரிசையாக. துணி. துணி! துணி காயப்போட்டுவிட்டு வந்திருக்கிறார். துணி. இரண்டு குறில். பிடி, விடாதே, கைப்பிடி கிடைத்துவிட்டது. "துணி" என்றேன் வெளியே. டாக்டர் கண்ணாடிக்குப் பின்னால் குழம்புவது தெரிகிறது. "மணி" என்றேன். "அம்மா, அவசரமில்ல" என்றார். அவசரமில்லை, எனக்குத் தெரியும், ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன். பணி. பிணி. அணி. தொடையில் விரல் தட்டிக்கொண்டே இருக்கிறது, கனி, நுனி, தப்பு, அந்த னி இல்லை, மறுபடி, துணி, மணி, பணி, இன்னும் ஒரு படி, இருட்டில் கால் வைத்தேன், படி இருந்தது.

"தணிகா" என்றேன். மூச்சு நின்றுவிட்டது. பாதி வெளியே, பாதி உள்ளே, நடுவில் உடைந்து நிற்கிறது. உடையட்டும். உடைத்தால்தான் வெண்பாவில் நிற்கும் என்று அன்றைக்கே தெரியும், எனக்குத்தான் மனசு வரவில்லை. மூச்சை இழுத்தேன்.

"சலம்."

புளிமா, மலர். கடைசிச் சீர் விழுந்த இடத்தில் எல்லாம் நின்றது. முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவை. ஒன்றும் இடிந்து விழவில்லை, மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவருக்குக் கண் நிறைந்துவிட்டிருந்தது, ஆனால் அவர் சிக்னல்காரர், நேராக விறைத்து நின்றார், கையை இரண்டு பக்கமும் ஒட்டி வைத்துக்கொண்டார், பத்தாம் வகுப்புப் பெண் மாதிரி.

"உள்ளேன் அம்மா" என்றார்.

டாக்டர் சிரித்தாரா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாரா, நான் சரியாகப் பார்க்கவில்லை. "திங்கட்கிழமைலேர்ந்து போட்டுடவா டீச்சர்?" என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது. போடுங்கள் என்று தலையை ஆட்டினேன். இடது கையை நீட்டி அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தேன்.

"கிளிப்பு" என்றேன். "காலையிலேர்ந்து... கழட்டுங்க."